ஏற்றத்தில் விழும் முள்

பகல் இரண்டு மணிக்கு மெக்கானிக் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம் பார்த்து, ஷெட் வாசலில் அந்த வெள்ளைக் கார் வந்து நின்றது. ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்ற அதே புகாரோடு இந்த ஒன்பது மாதத்தில் மூன்றாவது தடவை. அவர் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார்.

இறங்கி வந்தவள் அவருடைய மனைவியின் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். நாற்பத்திரண்டு வயதாகியும் அந்தப் பெயர் விடவில்லை. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் சின்னச் சின்ன மருத்துவமனைகளில் ரத்தக் குப்பிகளை வாங்கி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கும் பரிசோதனைக்கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. விடியும் முன்பே கிளம்பிவிடுவாள். கார் கம்பெனியுடையது. அதைப் பழுது பார்த்து ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பது மெக்கானிக்கின் பொறுப்பு.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"அப்புறம் பாத்துக்கலாம் அத்தான். இத மாட்டிக் குடுங்க."

ஒரு அட்டைப் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். உள்ளே வட்டமான ஒரு மீட்டர், மெல்லிய ரப்பர் குழாய் ஒரு சுருள், கொஞ்சம் ஒயர். பூஸ்ட் கேஜ்.

"எதுக்கும்மா இது?"

"இன்ஜினுக்குள்ள டர்போ எவ்வளவு காத்து தள்ளுதுன்னு காட்டுமாம், கடைக்காரர் சொன்னார். வண்டி இழுக்கலன்னு நான் சொன்னா யாரும் நம்பல. முள்ளு சொன்னாலாவது நம்புவீங்கல்ல?"

கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். அவளோ பேருந்து நேரத்தைப் படித்துச் சொல்வது மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு, பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து கண்களைத் தேய்த்துக்கொண்டாள்.

முதல் தடவை அவள் வந்தபோது அவர் வண்டியை ஒழுங்காகத்தான் பார்த்தார், அல்லது அப்படி நினைத்தார். நான்கு தெரு சுற்றி வந்தார். பாய்ந்துகொண்டு போனது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. "வண்டியில் குறை இல்லை. ஓட்டும் பழக்கத்தைச் சரிபார்க்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் தடவை வந்தபோது வேலை தலைக்குமேல் இருந்தது. பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, முன்பு எழுதிய வரியையே திரும்ப எழுதினார்.

அந்த ஒரு வரியைக் கம்பெனி பிடித்துக்கொண்டது. ரத்தம் நேரத்துக்கு வந்து சேராத நாளெல்லாம் அவள் கணக்கில் ஏறியது. பதினாறு வருடம் ஓட்டியவளை ஓட்டுநர் பள்ளிக்குத் திரும்ப அனுப்பினார்கள். போன மாதம் அதை அவளே ஒரு விசேஷமான சமாசாரம் போலச் சொன்னாள்: "எனக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு, எம்பொண்ணு வயசு. கிளட்ச்னா என்னன்னு எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. பாவம், நல்லாத்தான் சொல்லிக் குடுத்துச்சு." அன்று எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தார்.

இப்போது அவர் பானெட்டைத் திறந்தார். இன்ஜினுக்குள் காற்று போகும் பாதையிலிருந்து பிரியும் சின்னக் குழாயைத் தேடிப் பிடித்து, வெட்டி, நடுவே மூன்று வாய் உள்ள ஒரு இணைப்பைச் செருகினார். மூன்றாவது வாயில் புதுக் குழாயை மாட்டிக் கிளிப் போட்டு இறுக்கினார். குழாயை உள்ளே கொண்டுபோக வழி வேண்டும். ஒயர்கள் நுழையும் ரப்பர் மூடியில் ஒரு துளை போட்டு, சூடான இடம் எதிலும் உரசாமல், மடங்காமல் இழுத்து, ஸ்டீயரிங்கின் பக்கத்துத் தூணில் மீட்டரைப் பொருத்தினார். மீட்டரின் விளக்குக்கு ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒரு ஒயர், பாடியில் ஒரு எர்த். ஒரு மணி நேர வேலைதான். ஆனால் காலையிலிருந்து குனிந்து குனிந்து முதுகு மரத்துப்போயிருந்தது.

"சாவியப் போடு," என்றார்.

வண்டி கிளம்பியதும் முள் பூஜ்யத்துக்கு இடப்பக்கம் போய் நின்றது.

"கீழ போயிடுச்சே?"

"அப்படித்தான் இருக்கணும். இடப்பக்கம்னா இன்ஜின் காத்த உறிஞ்சுது. வலப்பக்கம் வந்தா டர்போ தள்ளுது. ஏத்தத்துல நல்லா மிதிச்சா புள்ளி எட்டுக்கு வரணும். வந்தா மட்டும் போதாது, மிதிச்சிட்டு இருக்கிற வரைக்கும் அங்கயே நிக்கணும்."

"சரி, ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினார். "நீ ஓட்டு. மலைக்கே போ. நான் முள்ளப் படிக்கிறேன்."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். அவள் ஓட்டி அவர் உட்கார்ந்து வந்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஊரைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவில் முள் விறுவிறுவென்று ஏறிப் புள்ளி எட்டில் நின்றது. இரண்டாவது வளைவிலும் அப்படியே. "புள்ளி எட்டு... புள்ளி எட்டு," என்று படித்துக்கொண்டே வந்தார். நாம் எழுதியது சரிதான் போலிருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே அதற்காக வெட்கமும் வந்தது. ஏனென்றால் பக்கத்தில் அவள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கியர் மாறுவது உடம்புக்குத் தெரியவில்லை. பின்னால் ஐஸ் பெட்டிக்குள் காலிக் குப்பிகள் ஒன்றோடொன்று இடிக்கக்கூட இல்லை. இவள் பழக்கத்தில் சரிபார்க்க என்ன இருக்கிறது?

எட்டாவது வளைவு. ஒரு லாரி பின்னாலேயே ஒட்டி வந்தது. அவள் இரண்டாம் கியருக்கு வந்து மிதித்தாள். முள் புள்ளி எட்டுக்கு ஏறியது. ஒரு நொடி நின்றது. பிறகு யாரோ கையால் தள்ளிவிட்டது மாதிரி சரிந்தது. கார் மூச்சுவாங்கியது. லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான்.

"எவ்வளவு?" என்றாள்.

"புள்ளி மூணு."

"முழுசா மிதிச்சிருக்கேன் அத்தான். கால வேணா பாருங்க."

பார்த்தார். ஆக்சிலரேட்டர் தரையோடு தரையாக இருந்தது.

"இதுல நான் என்ன தப்பு பண்றேன்? சொல்லுங்க, மாத்திக்கறேன்."

குத்திக்காட்டத்தான் கேட்கிறாள் என்று முதலில் நினைத்தார். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. நிஜமாகவே கேட்கிறாள். ஒன்பது மாதமாக எல்லோரும் சொல்லிச் சொல்லி, அவளுக்கே தன் கால்மேல் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா," என்றார். "ஓரமா நிறுத்து."

சாலை அகலமாக இருந்த இடத்தில் நிறுத்தினாள். அவர் பானெட்டைத் திறந்து, சூட்டுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, டர்போவிலிருந்து காற்று வரும் தடித்த ரப்பர் குழாயை ஒவ்வொன்றாகத் தடவினார். இரண்டாவது குழாய் மேலே பார்க்கப் புதிது மாதிரி பளபளப்பாக இருந்தது. அடிப்பக்கம் கையை விட்டபோது விரல் ஒரு பிளவுக்குள் இறங்கியது. சுண்டுவிரல் நீளம். சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. குளிர்ந்திருக்கும்போது ரப்பர் இறுகி, பிளவு வாயை மூடிக்கொள்ளும். ஏற்றத்தில் சூடேறி, அழுத்தமும் கூடினால் வாயைத் திறந்துவிடும். டர்போ தள்ளுகிற காற்றெல்லாம் வெளியே. நான்கு தெரு சுற்றினால் எந்தக் காலத்திலும் தெரியாது.

கறுத்த விரலை அவளிடம் காட்டினார்.

"கீழ்ப்பக்கம் நான் கைய விட்டே பாக்கல," என்றார். "ரெண்டாவது தடவ ஒண்ணுமே பாக்கல. சும்மா எழுதிட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். "அக்காகூட உங்க பேச்சத்தான் நம்புனா. வயசாகுது, கண்ண செக் பண்ணிக்கோன்னு சொன்னா. போய் செக்கும் பண்ணேன்."

"நான் அவகிட்ட சொல்றேன்."

"சொல்லுங்க. எனக்கு வாய் வலிச்சுப் போச்சு."

அங்கேயே நின்று அவர் கம்பெனி மேனேஜருக்கு ஃபோன் போட்டார். குழாய் கிழிந்திருக்கிறது என்றதும், "அப்படியா, மாத்திடுங்க. நாளைக்குக் காலைல வண்டி வேணும்," என்று மேனேஜர் ஃபோனை வைக்கப் போனார்.

"இருங்க சார். வச்சிடாதீங்க. ஓட்டுறவங்க பழக்கம் சரியில்லன்னு நான் ரெண்டு தடவ எழுதியிருக்கேன். ரெண்டும் தப்பு."

"அதெல்லாம் ஃபைலுக்குப் போயாச்சே."

"அப்ப இதுவும் போகட்டும். சரியா பாக்காம எழுதினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். இன்னிக்கே."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அப்படி எழுதினா உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"பரவால்ல சார்."

"சரி, அனுப்புங்க." ஃபோனை வைத்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று மேனேஜருக்குத் தோன்றவில்லை. அவளும் அதை எதிர்பார்த்தவளாகத் தெரியவில்லை.

மெதுவாக இறங்கி ஷெட்டுக்கு வந்தார்கள். பொருத்தமான குழாய் ஒன்று பரணில் இருந்தது. அதை மாட்டி, இரண்டு முனையிலும் புதுக் கிளாம்ப் போட்டு, சுற்றியிருந்த மற்ற குழாய்களின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். ரிப்போர்ட்டை எழுதி, ஃபோட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பிவிட்டு, தாளை அவளிடம் கொடுத்தார். அவள் நின்றபடியே இரண்டு தடவை படித்து, நான்காக மடித்து, பைக்குள் வைத்தாள்.

ஐந்து மணிக்கு மறுபடி மலை ஏறினார்கள். எட்டாவது வளைவு வந்தது. புள்ளி எட்டு. பத்தாவது, பதினைந்தாவது. முள் ஆடவில்லை. இந்தத் தடவை அவர் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கண்களைத் தேய்த்துக்கொண்டு ஓட்டினாள். உச்சியில், வண்டிகள் நிற்கிற திடலில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்தாள்.

"அத்தான், தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் இறங்கி நில்லுங்களேன். அஞ்சு நிமிஷம் கண்ண மூடிக்கறேன்."

அவர் இறங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அவள் இருக்கையைச் சாய்த்த உடனேயே தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து, இருபது ஆயிற்று. உட்கார ஒரு கல்கூட இல்லை. ஃபோன் அடித்தது. பாய்ந்து எடுத்துக்கொண்டு காரைவிட்டுத் தள்ளிப் போனார். மனைவி.

"எங்க இருக்கீங்க? ஷெட்டு பூட்டியிருக்காம்."

"மலை மேல. உன் தங்கச்சிகூட. அவ தூங்கறா." கொஞ்சம் நிறுத்தினார். "வண்டியிலதான் கோளாறு. அவமேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் சரியா பாக்கல."

அந்தப் பக்கம் டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது.

"எழுப்பிடாதீங்க," என்றாள் மனைவி.

"எழுப்பல."

ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தடுப்புச் சுவரில் கையை ஊன்றி நின்றார். கீழே லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக முனகிக்கொண்டு ஏறி வந்தன. மேலே வந்துவிட்ட ஒரு லாரிக்காரன், திடலை ஒட்டிய வளைவில் ஹாரனுக்குக் கையைக் கொண்டுபோனான். மெக்கானிக் சாலை ஓரத்துக்குப் போய், வேண்டாம் என்று கையை அசைத்தார்.