கட்டின புருஷனும் இரண்டாவது சிலிண்டரும்

கட்டின புருஷன் பக்கத்திலேயே நீந்தும்போது பெண்டாட்டிக்கு எதற்கு இரண்டாவது சிலிண்டர்? இதுதான் அவன் கட்சி. தண்ணீர் நிறைந்த குகைக்குள் மூழ்கி நீந்தும் பயிற்சியில் இருவரும் சேர்ந்த நாளிலிருந்து இதே பாட்டுத்தான். நல்லவன், குறை சொல்ல முடியாது. ஆனால் அன்பு முற்றிப்போனால் சில ஆண்பிள்ளைகளுக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

பயிற்சி நிலையத்தின் பின்னறையில் ஈர ரப்பர் நாற்றம். காற்றடிக்கும் இயந்திரம் சுவரோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதுகுச் சிலிண்டரின் வாரை இறுக்கினாள், தளர்த்தினாள், மறுபடி இறுக்கினாள். இடுப்போரம் தொங்கிய இன்னொரு சிலிண்டரின் திருகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அதைக் கழட்டி வெச்சுட்டு வா. என்னா கனம்! உனக்கு ஏதாச்சும் ஆனா என் காத்தைத் தர மாட்டேனா?" என்றான் கணவன்.

"தருவீங்க. யாரு இல்லேன்னா?"

"அப்புறம் என்ன? என்மேல நம்பிக்கை இல்லையா?"

பேச்சு அங்கேதான் போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் மனம் கோணாமல் பேசிப் பழகியவள். இவனிடம் மட்டும் அந்தச் சாமர்த்தியம் பலிக்கவில்லை. குளத்துப் பயிற்சியில்கூட, காற்று நின்றதாகப் பாவனை செய்யும்போதெல்லாம் அவன் நீட்டிய ரெகுலேட்டரையே, சிலிண்டர் குழாயின் அந்த வாய்க்கருவியையே, வாங்கிக் கடித்துக்கொண்டாள். அவன் முகம் மலரட்டுமே என்றுதான். தன்னுடைய இரண்டாவது சிலிண்டரின் ரெகுலேட்டரை அவசரத்தில் எடுத்துப் பழகவே இல்லை. அந்த நினைப்புத்தான் இப்போது அரித்துக்கொண்டிருந்தது.

பயிற்சியாளரை எல்லோரும் நத்தை என்பார்கள். நடையில்தான் நத்தை, திட்டுவதில் இல்லை. அவன் பக்கம் திரும்பினார்.

"சார், மேல பூரா கல்லு. மூச்சு முட்டினா தலையைத் தூக்குற இடமா அது? ஆளுக்கு ரெண்டு. இல்லேன்னா கரையிலயே உக்காருங்க."

முணுமுணுத்துக்கொண்டே அவனும் தன் இரண்டாவதை மாட்டிக்கொண்டான்.

நீருக்குள் நத்தை முன்னால், கணவன் நடுவில், அவள் கடைசியில். வழிக்கயிற்றை விரலுக்குள் விட்டபடி நகர்ந்தார்கள். வாசல் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் மங்க மங்க, அவள் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள்.

திடீரென்று அவள் வாயிலிருந்த ரெகுலேட்டர் பீறிட்டது. காற்று நிற்காமல் கொட்டியது. குமிழிகள் கூரையில் மோதிச் சேற்றை உதிர்த்தன. அவள் கை தானாக அவனைத் தேடி நீண்டது. பழக்கதோஷம். சத்தம் கேட்டு அவனும் பதறித் திரும்பி, காலை உதைத்தான். அடியில் கிடந்த வண்டல் மொத்தமும் எழும்பிவிட்டது. காப்பாற்ற வந்த கால்தான் கண்ணை மறைத்தது.

நீட்டிய கையில் கல் பட்டது. இன்னொரு பக்கம் நீட்டினாள், அங்கும் கல். எங்கே போனான்? ஐயோ, எங்கே? வாய்க்குள் காற்றோடு தண்ணீரும் ஏறியது. கையெட்டும் தூரத்தில்தான் இருந்தான், இருந்தும் இல்லை. செத்துப்போவேன் என்றே நினைத்தாள்.

கயிற்றை விடாமல் மற்ற கையால் கழுத்தடியைத் துழாவினாள். ரப்பர் பட்டியில் தொங்கிய, இடுப்புச் சிலிண்டரின் ரெகுலேட்டர் சிக்கியது. வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு அதைக் கடித்தாள், ஊதினாள், இழுத்தாள். காற்று வந்தது. அப்பாடா என்றிருந்தது, அழுகையும் முட்டியது. அப்புறம் கயிற்றோடு, அவன் இருந்த பக்கமாக நகர்ந்தாள்.

கலங்கலுக்குள்ளிருந்து ஒரு கை அவள் முகத்தில் இடித்தது. தன் ரெகுலேட்டரை அவள் வாயில் திணிக்கப் பார்த்தான் மகராசன். அங்கேதான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே! அவன் கையைப் பிடித்துக் கயிற்றில் வைத்து, வாசல் பக்கம் இழுத்தாள். பின்னாலேயே வந்த நத்தை, காற்றைக் கொட்டிக்கொண்டிருந்த அவள் முதுகுச் சிலிண்டரின் திருகை மூடினார்.

கரையில் முகமூடியைக் கழற்றியபோது அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

"எப்பவும் என்கிட்டதானே வருவே. இன்னிக்கு வரலையே?"

சிரிப்பதா, ஓர் அறை விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்ககிட்டதாங்க வந்தேன். மூச்சு விட்டுக்கிட்டே வந்தேன்."