நாலு விரல் உயரம்

பஸ்ஸில் ஆளை ஏற்றி அளந்த பிறகு மேடை கட்டலாம் என்று அவள் சொன்னபோது இன்ஜினியர் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தாலாவது காதில் விழுந்தது என்று வைத்துக்கொண்டிருப்பாள்.

சித்தாளாக வந்து கொத்தனார் கரண்டி பிடித்தவள் அவள். மட்டத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடுவாள் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் மட்டம் பார்க்கிற கருவியின் பெயரையே வைத்தார்கள், ரசமட்டம் என்று. பெற்றவர்கள் வைத்த பெயர் கூலிச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

நகரத்துக்குப் புதிதாகப் பேட்டரி பஸ் வருகிறது. அதற்குப் படி கிடையாது. பஸ்ஸின் தரையும் நிறுத்தத்தின் மேடையும் ஒரே மட்டத்தில் இருந்தால் சக்கர நாற்காலி உருண்டே உள்ளே போய்விடும். முதலில் மாதிரிக்கு ஒரே ஒரு நிறுத்தம். கடன் கொடுக்கிற வங்கியிலிருந்து ஓர் அம்மாள் வந்து பார்ப்பார். பிடித்துப்போனால் இன்னும் முப்பத்தாறு நிறுத்தங்களுக்கு இந்த வருஷமே பணம் வரும். அந்த முப்பத்தாறில் ஒன்று ரசமட்டத்தின் தெருமுனையில் இருந்தது.

அந்தத் தெருவில்தான் அவள் தம்பி, தண்டவாளம் போடும் வேலையில் இரண்டு காலையும் கொடுத்துவிட்டு, மூன்று வருஷமாக ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவன் வருகிறவனையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தான். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை அவனுக்காக வருஷக் கடைசிவரை காத்திருக்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். காலை எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். போய்ச் சேரத்தான் வழியில்லை.

ஆகவே மேடை சரியாக வருவது இன்ஜினியரைவிட அவளுக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது. பணிமனையில் காலி பஸ்ஸை நிறுத்தி அவர் டேப் பிடித்தபோது அவள் வாயைத் திறந்தது அதனால்தான்.

"செங்கல் லாரி காலியா இருந்தா ஒரு உயரம், லோடு ஏத்தினா ஒரு உயரம் சார். இதுவும் சக்கரம் வச்ச வண்டிதானே. நாலு விரலாவது உக்காரும்."

"உனக்கு சிமெண்டு தெரியும், எனக்கு வண்டி தெரியும். சொன்ன உயரத்துக்குக் கட்டிட்டுப் போ."

கட்டினாள். குண்டூசி முனை அளவு பிசகில்லாமல், அவர் சொன்ன தப்பான உயரத்துக்கே கட்டினாள்.

வங்கி அம்மாளுக்குக் காட்டுகிற நாளுக்குக் காலில்லாத ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். தம்பியைச் சக்கர நாற்காலியோடு கொண்டுவந்து மேடையில் நிறுத்தினாள். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. கல்யாண மாப்பிள்ளைக்குக் குதிரை மட்டும்தான் பாக்கி என்று அவனே சொல்லிக்கொண்டான்.

பஸ் வந்தது. அதிகாரிகள், அவர்களுடைய உதவியாளர்கள், படம் எடுக்கிறவர்கள் என்று உள்ளே எள் போட இடமில்லை. பிறந்த நாளிலிருந்து அந்த பஸ் பாரம் சுமந்தது அன்றைக்குத்தான். மேடையை ஒட்டி நின்றது. கதவு வெளியே தள்ளி விரிய வேண்டிய கதவு. ஒரு சாண் வந்தது, அடிவிளிம்பு மேடையில் இடித்தது, நின்றது. டிரைவர் மறுபடி பொத்தானை அழுத்தினார். மறுபடியும் இடி. கண்ணாடியில் பெரிய மனிதர்களின் மூக்குகள் வரிசையாக அமுங்கின.

"நான் ஏறுறது இருக்கட்டும்," என்றான் தம்பி, எல்லோருக்கும் கேட்கும்படி. "மொதல்ல அவங்க இறங்கட்டும்."

கடைசியில் பஸ்ஸை மேடை தாண்டி முன்னால் கொண்டுபோய், எல்லோரையும் ரோட்டில் இறக்கினார்கள். வங்கி அம்மாளும் புடவையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். இன்ஜினியர் கண்ணை இமைக்கவில்லை. கொத்து வேலையில் பிசகு, சொன்ன உயரத்துக்கு மேல் கட்டிவிட்டார்கள், இடித்துச் சரிசெய்துவிடலாம் என்றார். பிறகு மேடையைப் பார்க்கப் போகிறவர்போல ரசமட்டத்தின் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு, பேச்சு பல்லுக்கு நடுவில்.

"ஆமா தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. கையெழுத்தாகட்டும். மொத மேடை உன் தெருவுல. உயரத்த அப்புறம் பாத்துக்கலாம்."

தம்பிக்குக் காது நன்றாகக் கேட்கும். சொல்லித் தொலையேன் என்று அவன் கண் அவளைக் குத்தியது.

சொல்லிவிடலாம். அவமானம் அவளுக்குப் புதிதில்லை, துடைத்துப் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் இருபது வருஷத்தில் அப்புறம் என்று விட்ட எந்த வேலையும் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை. முப்பத்தாறு மேடையும் இதே உயரத்தில் நிற்கும். காலை எட்டு மணி பஸ் கழுத்துவரை ஆளோடு வந்து, அவன் மூக்குக்கு முன்னால் ஒரு சாண் திறந்து, இடித்துவிட்டுப் போகும். தினமும்.

அவள் வங்கி அம்மாளைப் பார்த்துச் சொன்னாள்: "தப்பு கொத்துல இல்லம்மா. காலி பஸ்ஸ வச்சு அளந்தாங்க. ஆள் ஏத்தி அளங்கன்னு சொன்னேன், கேக்கல. இப்ப பஸ் காலியாத்தானே இருக்கு, பின்னால எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

பஸ் பின்னால் வந்தது. கதவு சத்தமில்லாமல், முழுசாகத் திறந்தது. ஆளில்லாத பஸ் அவ்வளவு மரியாதையாக நின்றதைப் பார்த்து யாரும் கை தட்டவில்லை.

வங்கி அம்மாள் சின்ன நோட்டில் ஏதோ எழுதினார். எல்லாவற்றையும் மறுபடி அளந்து அனுப்புங்கள், இந்த வருஷக் கணக்கில் முடியாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் தன் காரில் ஏறிப் போனார். இன்ஜினியர் ரசமட்டத்திடம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். உன் வாய்தான் உனக்கு எமன் என்றும் சேர்த்துக்கொண்டார். "வாயில்லாமத்தான் இருபது வருஷம் இருந்தேன் சார், எவனும் வந்து மாலை போடல," என்று அவள் கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு இரண்டு மைல். வழியெல்லாம் பெயர்ந்த நடைபாதை. அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தெருமுனை நிறுத்தம் வந்தபோது தம்பி சொன்னான்.

"ஒரு பொய். அதுகூட உன்னால எனக்காக முடியல."

"எட்டு மணி பஸ்ல எத்தன பேர் தொங்குறாங்கன்னு ஜன்னல்ல உக்காந்து தெனம் எண்ணுறியே. அந்தக் கதவு உனக்குத் திறந்திருக்குமா?"

"திறக்காட்டி பஸ்ஸத் திட்டியிருப்பேன்," என்றான் அவன். "இனிமே உன்னத்தான் திட்டணும்."

எதிரே பழைய நடைபாதையின் விளிம்பு, ஒரு சாண் உயரத்துக்கு. அவள் கரண்டியை அவன் மடியில் போட்டுவிட்டு நாற்காலியைப் பின்னால் சாய்த்தாள்.

"திட்டு," என்றாள். "கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுத் திட்டு."

அவன் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான்.