மாஸ்டர் பழகிய நடை

நாகேந்திரம் மாஸ்டருக்குப் பரீட்சை என்று ஒன்று இருந்தால் போதும், தளர்ந்த உடம்பில் எங்கிருந்தோ ஒரு துள்ளல் வந்துவிடும். வெள்ளவத்தையில் அவரிடம் கணிதம் படித்துக் கரையேறியவர்கள் ஏராளம். பழைய வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்தால் மிச்சம் தானாக வரும் என்பது அவருடைய கொள்கை. அதைத் தன் காலிலேயே பிரயோகித்துப் பார்ப்பார் என்று அவர் மனைவி சரோஜினிதேவி கனவிலும் நினைக்கவில்லை.

மாஸ்டருக்கு நெடுங்காலமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. பாதங்கள் மரத்துவிட்டன, குண்டூசி ஏறினாலும் தெரியாது. அவருடைய தமையனுக்கும் இதே வருத்தம்தான். அவருக்குப் பாதத்தில் வந்த சின்னப் புண், முழங்காலுக்குக் கீழே காலை வெட்டும்வரை ஓயவில்லை. அதற்குப் பிறகு மனிதர் கட்டிலை விட்டு எழும்பவே இல்லை. அதைக் கண்ணால் கண்ட சரோஜினிதேவிக்கு இப்போது ஒரே வேண்டுதல், இவருடைய கால் இவரோடேயே இருக்கவேண்டும்.

அவள்தான் அவரைப் பாமன்கடையில் இருந்த பாத கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே நிஹ்லா என்ற பெண் தரையில் விரித்திருந்த தட்டையான கறுப்புப் பாயில் அவரை வெறுங்காலோடு நடக்கவிட்டாள்.

“சும்மா ரோட்டுல நடக்கிற மாதிரி நடங்க அங்கிள்.”

நடந்தார். பாயோடு இணைத்திருந்த கணினித் திரையில் அவருடைய பாதம் நிறம் நிறமாக விரிந்தது. எல்லா இடமும் பச்சையும் மஞ்சளும். வலது பெருவிரலின் அடிமேட்டில் மட்டும் கடும் சிவப்பு.

“இந்த இடத்துலதான் பாரம் கூட விழுது. இப்படியே விட்டா புண் வரும். இதுக்கெண்டு ஒரு சப்பாத்து செஞ்சு போடணும்” என்றாள் நிஹ்லா. “இன்னொண்டு அங்கிள், இந்தப் பாய் மேலயிருந்து கீழ அழுத்துறத மட்டும்தான் காட்டும். நடக்கக்குள்ள தோல் முன்னுக்கும் பக்கத்துக்கும் இழுபட்டுத் தேயும், அது இதுல விழாது. அதையும் சேத்து அளக்கிற, சப்பாத்துக்குள்ள வைக்கிற இன்சோல் ஒண்டு வரப்போகுது.”

மாஸ்டரின் காதில் முதல் பாதிதான் ஏறியது. மற்றது பாடத்திட்டத்தில் இல்லாத சங்கதி.

“சப்பாத்தைப் பிறகு பாப்பம், பிள்ளை. அடுத்த முறை வரேக்கை அந்தச் சிவப்பு இராது.”

மறுநாளே வீட்டு விறாந்தையில் பழைய பத்திரிகைகளைப் பரப்பினார். காலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு அவற்றின்மேல் நடந்தார். பெருவிரல் அடியில் ஈரம் தடிப்பாகப் பதிந்தால் பிழை, மெல்லிதாகப் பதிந்தால் சரி. பாரத்தைப் பாதத்தின் வெளிக்கரையில் தாங்கி, பெருவிரல் பக்கம் அழுந்துவதற்கு முன்னமே காலை ஒரு திருகு திருகி இழுத்துவிட்டால் ஈரம் மெலிகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காலையும் மாலையும் அதே நடை, அதே திருகல். சரக், சரக் என்ற அந்தச் சத்தம் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த சரோஜினிதேவிக்கும் கேட்டது.

கடதாசிகளை அள்ளிக் குப்பையில் போடுகிறவள் அவள். ஒவ்வொரு தாளிலும் ஒரே இடத்தில், பெருவிரலின் அடியில், கடதாசி முறுகிக் கிழிந்திருந்தது.

“இஞ்சேருங்கோ, இதைப் பாருங்கோ. எல்லாம் ஒரே இடத்திலை கிழியுது.”

“ஈரப் பேப்பர் கிழியாமல் என்ன செய்யும்? நீர் ஈரத்தைப் பாரும், எவ்வளவு மெல்லிசு!”

கடதாசிக்கு இப்படியென்றால் தோலுக்கு என்ன கதி என்று கேட்க அவளுக்கு நா எழுந்தது. ஆனால் கணக்கு வாத்தியாரோடு தர்க்கம் பண்ணி அவள் என்றைக்கு வென்றாள்? பயம் மட்டும் போகவில்லை. அவருடைய பாதத்தைத் தடவிப் பார்த்தபோது அந்த இடத்துத் தோல் தடித்துக் காய்த்திருந்தது. தொட்டால் மற்ற இடங்களை விடச் சூடாகவும் இருந்தது.

அடுத்த முறை பாயில் நடந்தபோது திரை முழுக்கப் பச்சை. நிஹ்லா கைதட்டாத குறை.

“எப்படி அங்கிள்? சூப்பரா வந்திருக்கு!”

“எல்லாம் பயிற்சிதான், பிள்ளை.”

“தங்கச்சி, இவர் வீட்டிலை…” என்று சரோஜினிதேவி வாயைத் திறந்தாள்.

“இவ எல்லாத்துக்கும் பயந்து சாவா” என்று மாஸ்டர் சிரித்து அவளுடைய வாயை அடைத்தார். திரும்பும் வழியில் கடையில் வடை வாங்கிச் சாப்பிட்டார். அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் விறாந்தையில் மறுபடியும் அந்தச் சத்தம் தொடங்கியது.

புது இன்சோல் வந்துவிட்டதென்று கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தது. அதைச் சப்பாத்துக்குள் வைத்து நடக்கவேண்டும். மாஸ்டர் காலையிலேயே வீட்டில் மாட்டிய காலுறையோடு சப்பாத்தைப் போட்டு, மாப்பிள்ளை மிடுக்கோடு தன்னுடைய நடையை நடந்து காட்டினார். திரையில் ஒரு பாதம் பச்சையாக விரிந்தது. பக்கத்திலே இன்னொரு பாதம் விரிந்தது, தோலின் இழுபாட்டைக் காட்டுவது. அதில் பெருவிரலின் அடி சிவப்பும் கடந்து கருஞ்சிவப்பாக இருந்தது.

நிஹ்லாவின் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது.

“அங்கிள், நில்லுங்க. இனி ஒரு அடியும் வைக்க வேணாம்.”

அவரை நாற்காலியில் இருத்திச் சப்பாத்தைக் கழற்றினாள். காலுறை கழன்று வரவில்லை, பாதத்தோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்து உரித்தபோது வந்த வாடையில் சரோஜினிதேவிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தமையனின் அறையில் வீசிய அதே வாடை. நிஹ்லா அடுத்த அறைக்கு ஓடி டொக்டர் றவூபைக் கூட்டிவந்தாள்.

பரிசோதனைக் கட்டிலில் ஏற்றிவிட, மல்லாந்தபடி மாஸ்டர் நிஹ்லாவுக்குத் தன்னுடைய முறையை விளக்கத் தொடங்கினார். ஈரம், கடதாசி, வெளிக்கரை, திருகல். டொக்டர் காய்ப்பைச் சீவினார். அதன் அடியில் தோல் என்று ஒன்றும் இருக்கவில்லை. நுனி மழுங்கிய மெல்லிய உருக்குக் கம்பியொன்றை எடுத்து அந்தக் குழிக்குள் மெதுவாக விட்டார். கம்பி போனது, இன்னும் போனது. ‘டிக்’ என்று எதிலோ முட்டி நின்றது.

“எலும்பு” என்று டொக்டர் சத்தமில்லாமல் நிஹ்லாவைப் பார்த்துச் சொன்னார்.

சரோஜினிதேவி கணவருடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் பேச்சை நிறுத்தி, தலையைக் கொஞ்சம் தூக்கிக் காலடிப் பக்கம் பார்த்தார்.

“டொக்டர், இன்னும் தொடங்கேல்லையோ?”