வெர்லின் வீட்டு அரைக்கம்பம்

எங்கள் ஊர் அடுப்பு ஆலையின் கதவைப் பூட்டிய அன்று, எதிர்வீட்டு வெர்லின் ஸ்டக்கி தன் முற்றத்துக் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினான். இறக்கியவன் திரும்ப ஏற்றவே இல்லை. இரண்டு குளிர்காலம் போய்விட்டது. காலையில் திரைச்சீலையை விலக்கினால் முதலில் என் கண்ணில் படுவது அந்தக் கொடிதான். இரவில் பறக்கும் கொடிக்கு விளக்குப் போட வேண்டும் என்பது விதி. அந்த விதியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தான். விளக்கு வெளிச்சம் நேராக என் படுக்கையறையில் வந்து விழும். கேட்டால், "நாட்டுக்காக உன் தூக்கம் கொஞ்சம் கெடட்டுமே மார்லிஸ்" என்பான்.

அரைக்கம்பம் என்பது செத்தவர்களுக்கு. எங்கள் இல்லினாய்ப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் இது தெரியும். ஜனாதிபதி செத்தால் இறக்குவோம். ஊர்ப் பையன் போரில் செத்தால் இறக்குவோம். முன்னாள் படைவீரர் சங்கத்து ஆள் யாராவது போய்ச் சேர்ந்தால், சங்கத்துக்காரர்கள் அவரவர் வீட்டில் இறக்குவார்கள், அடக்கம் முடிந்த மறுநாள் ஏற்றிவிடுவார்கள். அடுப்பு ஆலைக்கு அரைக்கம்பம் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை.

வெர்லின், என் கணவர் லீலண்ட், நான், மூன்று பேரும் அந்த ஆலையில்தான் தலை நரைத்தோம். நான் அடுப்புக் கதவுகளைப் பொருத்தும் இடத்தில் நின்றேன். அவர்கள் இருவரும் அடுப்புத் தகட்டுக்கு எனாமல் பூசிச் சுடும் சூளையில். சேர்ந்தே வியட்நாமுக்குப் போய், சேர்ந்தே திரும்பி, ஒரே வாரத்தில் சூளை வேலையில் சேர்ந்தவர்கள். நாங்கள் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் இரண்டு பிள்ளைகளும் வெர்லினின் மகளும் அதே ஆலையில் நின்றார்கள். கம்பெனி வேலையை நாட்டு எல்லைக்குத் தெற்கே கொண்டுபோனதும் பிள்ளைகள் மூன்று பேரும் ஆளுக்கொரு மாநிலமாகப் போய்விட்டார்கள். எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் நான் கொடியைப் போட்டு இழுக்கவில்லை.

கொடி கீழே இறங்கியதும் தேர்தல்காரர்கள் மோப்பம் பிடித்து வந்தார்கள். முதலில் வந்தவன் ஒரு கட்சியின் வேட்பாளருக்குப் படம் எடுக்கிற பையன். பளபளவென்று புது பூட்ஸ், கேமரா, பின்னால் குடை பிடிக்க ஒரு ஆள்.

"ஐயா, உங்க கோபம் எங்க தலைவருக்குப் புரியுது. அந்தக் கட்சிக்காரங்க போட்ட வர்த்தக ஒப்பந்தத்தாலதான இந்த ஆலை போச்சு. அதை மட்டும் கேமரா முன்னால சொல்லிடுங்க" என்றான்.

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டவன் அந்தக் கட்சிதான். பக்கத்துல நின்னு கை தட்டினவன் யாரு தம்பி?" என்றான் வெர்லின்.

"அது பழைய கதைங்க ஐயா."

"எனக்குப் புதுசு. எம் பொண்ணு டெக்சஸ்ல கிடங்குல பெட்டி தூக்குறா. கொஞ்சம் தள்ளி நில்லு, புல்லுக்குத் தண்ணி விடணும்."

சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தான். புல்வெளியில் சுற்றிச் சுற்றித் தண்ணீர் அடிக்கும் பொறி, பையனையும் கேமராவையும் சேர்த்துக் குளிப்பாட்டியது. அடுத்த வாரம் மறு கட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பசுமை, பயிற்சி, புதிய பொருளாதாரம் என்று அழகாகப் பேசினாள்.

"பயிற்சி குடுத்தா என்ன வேலைம்மா கிடைக்கும்?" என்று கேட்டான்.

"சேவைத் துறையில நிறைய வாய்ப்பு இருக்குங்க."

"அதாவது நான் உனக்கு பர்கர் விக்கணும், நீ எனக்கு பர்கர் விக்கணும். அடுப்பு மட்டும் எவனோ செய்வான்."

அவளும் நனைந்துதான் போனாள். அந்த விஷயத்தில் வெர்லின் பாரபட்சம் பார்த்ததில்லை.

இதையெல்லாம் சன்னல் வழியாகப் பார்த்து லீலண்ட் சிரிப்பார், சிரித்தால் இருமுவார், இருமினால் நான் ஓட வேண்டும். சூளைத் தூசி அவர் நுரையீரலைத் தின்று முடித்திருந்தது. மருத்துவர் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன பிறகு, முன்னறையில் கட்டிலைப் போட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டிப் படுக்க வைத்தேன். அங்கிருந்து வெர்லினின் கொடி நன்றாகத் தெரியும்.

அந்தக் கட்டிலில் படுத்த முதல் நாளே வெர்லினைக் கூப்பிட்டுச் சொன்னார். "டேய், என் கொடியை நீதான் மடிக்கணும். வேற எவனும் தொடக் கூடாது."

படைவீரன் இறந்தால் பெட்டிமேல் போர்த்திய கொடியை முக்கோணமாக மடித்து மனைவி கையில் கொடுப்பார்கள். ஒரு முனையை ராணுவம் அனுப்பும் சிப்பாய் பிடிப்பான், மறுமுனையை எங்கள் சங்கத்து மரியாதைக் குழுவிலிருந்து ஒருவர். எத்தனையோ வருடமாக அந்த மறுமுனை வெர்லினுடையது. கோடு பிசகாமல் மடிப்பான். அதனால் வெர்லினும், "வேற எவனைத் தொட விடுவேன்" என்றான். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவிடவில்லை கிளார்க் ஹென்ஸல். இன்சூரன்ஸ் ஏஜென்ட், சங்கத்தின் தலைவர். ராணுவத்தில் இருந்த காலம் முழுக்க ஜெர்மனியில் ஒரு கிடங்கில் போர்வை எண்ணியவர். கெட்ட மனிதர் இல்லை, விதி என்றால் உயிர். ஒரு மதியம் வெர்லின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"வெர்லின், கமிட்டி கூடிப் பேசிட்டோம். நீங்க கொடியை ஏத்தணும். இல்லன்னா உங்களை மரியாதைக் குழுவுல வெச்சுக்க முடியாது. சங்கத்து ஆளே கொடியை அவமதிச்சா ஊர்ல என்ன சொல்வாங்க?"

"அவமதிப்பா? எது தம்பி அவமதிப்பு? கம்பெனி முதலாளி கோட்டுல கொடி குத்திக்கிட்டு, பாண்டு வாசிக்க வெச்சு, கண் கலங்கி, ஆலையைப் பூட்டினானே. அப்ப நீங்க எந்தக் கமிட்டி கூட்டினீங்க?"

"அது வியாபாரம். இது கொடி."

"எனக்கு ரெண்டும் ஒண்ணு. நான் எதுக்காகப் போனேன் அந்தக் காட்டுக்கு? வால் ஸ்ட்ரீட் பணக்காரனுக்காகவா? இந்தத் தெருவுக்காக. இந்தத் தெரு செத்துப்போச்சு, துக்கம் காக்கிறேன். நாட்டுமேல பாசம் இல்லாதவன் எதுக்குத் துக்கம் காக்கப் போறான்?"

"டிவியில பாருங்க, பொருளாதாரம் நல்லா ஏறிக்கிட்டுதான் இருக்கு."

"ஏறினா ஏறட்டும். இந்தத் தெருவுல யார் வீட்டுல ஏறிச்சுன்னு கதவைத் தட்டிக் கேளு. மார்லிஸ் வீட்டுல ஏறல, அவளைக் கேளு."

என்னை எதற்கு இழுக்கிறான் என்று எனக்குக் கோபம். கிளார்க் போனதும் பிடித்துக்கொண்டேன். "கழுதை, ஒரு கயிறை நாலடி இழுத்தா என்ன குறைஞ்சிடும் உனக்கு? இவருக்கு வாக்குக் குடுத்திருக்கியே, அது என்ன ஆகும்?"

வெர்லின் தன் பூட்ஸைப் பார்த்தான். லீலண்ட்தான் பேசினார். "விடு மார்லிஸ். அவனை ஏத்தச் சொல்லாத. அவன் ஏத்தினா அந்த இன்சூரன்ஸ்காரன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்." மூச்சு வாங்கிக்கொண்டு வெர்லினைப் பார்த்தார். "ஆனா ஒண்ணுடா. நான் இன்னும் சாகல. தினம் கண்ணைத் திறந்தா உன் கொடி கீழ நிக்குது, போயிட்டோமோன்னு ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வருது."

மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவர் நீண்ட நாள் இல்லை. ஒரு காலையில் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் மூச்சு நின்றிருந்தது. ஆக்சிஜன் பொறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டுத் தெருவைக் கடந்து போய்ச் சொன்னேன். வெர்லின் என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, நேராகக் கொடிக்கம்பத்துக்குப் போனான். சங்கத்து ஆள் இறந்தால் முதலில் செய்வது அதுதான், கை தானாகப் போகும். முடிச்சை அவிழ்த்து, கயிற்றைக் கையில் பிடித்து, அண்ணாந்து பார்த்தான்.

கொடி ஏற்கெனவே பாதியில் இருந்தது.

அப்படியே நின்றான். நான் பக்கத்தில் போனேன். அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை, ஆலை பூட்டிய அன்றுகூட.

"இவனுக்குன்னு இறக்க எனக்கு ஒண்ணும் இல்லையே மார்லிஸ்" என்றான். "எல்லாத்தையும் அந்தக் கம்பெனிக்காரனுங்களுக்குக் குடுத்துட்டேனே."

அவனைத் திட்ட எனக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. அதை விட்டுவிட்டு நானும் கயிற்றைப் பிடித்தேன். அரைக்கம்பத்துக்கு இறக்க வேண்டுமானால் முதலில் உச்சிவரை ஏற்றிவிட்டுத்தான் இறக்க வேண்டும், அதுதான் முறை. உருளை துருப்பிடித்துக் கிறீச்சிட்டது. இருவரும் சேர்ந்து இழுத்து உச்சிக்குக் கொண்டுபோனோம். அங்கே கொஞ்ச நேரம் காற்றில் விட்டோம். வெர்லின் சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகப் பாதிக்கு இறக்கிக் கட்டினான். அதே உயரம்தான், தெருவில் போகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

அடக்கத்தன்று மயானத்து வாசலில் கிளார்க் நின்றார். மரியாதைக் குழுவின் வெள்ளைக் கையுறைகள் அவர் பையில் இருந்தன. வெர்லின் சீருடையில் வந்து கையை நீட்டினான்.

"மன்னிக்கணும் வெர்லின். உங்க கொடி இன்னும் அரையிலதான் நிக்குது. வர்ற வழியில பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"உன் வீட்டுக் கொடி இன்னைக்கு எங்க நிக்குது?"

"லீலண்டுக்காக அரையில."

"என்னதும் லீலண்டுக்காகத்தான். அவன் போன அன்னைக்குக் காலையில உச்சிக்கு ஏத்தி, முறைப்படி இறக்கினேன். நம்பலன்னா இவளைக் கேளு, கயிறு பிடிச்சவ இவதான்."

கிளார்க் என்னைப் பார்த்தார். "கையுறையைக் குடுங்க கிளார்க். என் புருஷன் பெட்டியில காத்துக்கிட்டிருக்கார்" என்றேன். ரொம்ப நேரம் யோசித்தார் பாவம், விதிப்புத்தகம் முழுவதையும் மனதுக்குள் புரட்டியிருப்பார். கடைசியில் கையுறையைக் கொடுத்தார்.

ராணுவம் அனுப்பிய சிப்பாய்ப் பையன் மடிப்பில் தடுமாறினான். வெர்லினின் கோடு பிசகவில்லை. மடித்து முடித்ததும், வழக்கத்துக்கு மாறாக அந்தப் பையனின் கையிலிருந்து முக்கோணத்தை வாங்கி, என் முன்னால் முழங்காலிட்டான். அந்த வயதில், தேய்ந்துபோன முழங்காலோடு. ஜனாதிபதியின் சார்பில், ராணுவத்தின் சார்பில், நன்றியுள்ள நாட்டின் சார்பில் என்று ஒரு பாடம் உண்டு, எத்தனையோ விதவைகளிடம் சிப்பாய்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று, "நன்றியுள்ள நாட்டின் சார்பில்" என்று மட்டும் வெர்லின் சொன்னான். மற்ற இரண்டையும் விட்டுவிட்டான். பின்னால் கிளார்க் தொண்டையைச் செருமினார். அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. லீலண்ட் கேட்டிருந்தால் இருமியே செத்திருப்பார்.

மறுநாள் காலை திரைச்சீலையை விலக்கினேன். கொடி கம்பத்தின் உச்சியில் பறந்தது. கீழே வெர்லின் உருளைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அடக்க விருந்துக்கு வாங்கிப்போயிருந்த என் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க கிளார்க் வண்டியில் வந்தார். கொடியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ச்சி. பாத்திரமும் கையுமாக நேராக வெர்லினிடம் போனார். நானும் வாசலுக்கு வந்தேன்.

"ரொம்ப சந்தோஷம் வெர்லின். கமிட்டி சொன்னதை ஏத்துக்கிட்டீங்க."

"உன் கமிட்டிக்காக ஏத்தல தம்பி." வெர்லின் எண்ணெய்க் கையைப் பழைய துணியில் துடைத்தான். "அரைக்கம்பம் லீலண்ட் மாதிரி ஆளுக்குக் குடுக்குற மரியாதை. சூளையில நின்னு நெஞ்சு வெந்து செத்தவனுக்கு. நான் என்ன பண்ணினேன்? அந்தக் கம்பெனிக்காரனுக்கு ரெண்டு வருஷம் அதைக் குடுத்துக்கிட்டிருந்தேன். அவன் செத்தானா? கொழுத்துப்போய் உயிரோட இருக்கான். நாமளும் உயிரோடதான் இருக்கோம். அவனுக்கு என் துக்கம் இனிமே ஒரு நாள்கூடக் கிடையாது."

"அப்ப உங்க கோபம்..."

"அது எங்கயும் போகல. உச்சியில ஏறி நிக்குது, பார்த்துக்க."

கிளார்க் மேலே பார்த்தார். என் பாத்திரத்தை வெர்லின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த தேர்தலுக்குப் படம் எடுக்கிற அதே பையன் மறுபடி வந்தான், இந்தத் தடவை பழைய பூட்ஸ். கொடி உச்சியில் பறப்பதைப் பார்த்து அவனுக்கு ஏக உற்சாகம். ஊர் நிமிர்ந்துவிட்டதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது என்றான். தங்கள் தலைவர் வந்த பிறகுதானே ஏறியது, அதை மட்டும் ஐயா சொல்ல வேண்டும் என்றான். வெர்லின் வீட்டில் இல்லை, பூட்டிய ஆலையின் வாசலில் கம்பெனியை எதிர்த்து ஒரு கூட்டம் போட்டுவிட்டு, வந்த ஆட்களைச் சமாளிக்கத் திண்டாடிக்கொண்டிருந்தான்.

"கம்பத்துகிட்ட நல்லா நெருங்கி நில்லு தம்பி, அப்பத்தான் படத்துல கொடி முழுசா விழும்" என்று சொல்லிவிட்டு, அவன் நின்றதும் போய்க் குழாயைத் திறந்தேன்.