கொடிக்கயிற்றுப் பிரபாவதி

இலவச லேப்டாப்பில் நான் வரையும் ஜப்பானிய மங்கா பாணிப் பேய்வேட்டை காமிக்ஸில் பக்கத்து குவார்ட்டர்ஸ் பிரபாவதி அக்காவையும் போட்டிருந்தேன். கதாநாயகன் பேய்களைத் துரத்தும்போதெல்லாம் அக்கா பின்னால் நின்று, நெய்வேலியில் எல்லோரையும்போல, கொடிக்கயிற்றில் படிந்த கரித்தூளைத் துடைத்துவிட்டுத் துணி காயப்போடுவாள். அவ்வளவுதான் அவள் வேலை.

ஒருநாள் அக்கா முழுவதையும் படித்துவிட்டாள்.

“நான் ஏன் பேசவே இல்ல?”

“நீங்க சும்மா பின்னாடி நிக்கிறவங்கக்கா.”

“சும்மா நிக்கல. ஒன் கதாநாயகனத்தான் பாத்துகினு இருக்கேன். மொத அத்தியாயத்துலேர்ந்து அதே வெள்ளச் சட்ட. ஒரு பொட்டு கரி இல்ல. இந்த ஊர்ல உசுரோட இருக்கறவன் சட்டையா அது?”

கரியை வரைய மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“கதாநாயகனே பேய்தான்க்கா. வெளிய சொல்லிடாதீங்க.”

“இத்தன அத்தியாயமா வாயத் தொறந்தேனா?” என்றாள் அக்கா.