பதினாலாம் நம்பர் மலைக்கு ஒரு கையெழுத்து

தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் உமாதேவி கிராணிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது ரிங்லெட் டவுன் வரைக்கும் தெரிந்த சங்கதி. கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த தினேஸ்வரனிடம் மட்டும் அதை யாரும் சொல்லி அனுப்பவில்லை.

கம்பெனியின் ஆறு தோட்டத்துக்கும் ஒரே மாதிரி கம்ப்யூட்டர், ஒரே சாஃப்ட்வேர் என்பது மேலிடத்து உத்தரவு. முதல் நாளே புதுசைப் பூட்டிவிட்டான். மறுநாள் காலை பழையதை வேனில் ஏற்ற வேண்டும். அதற்கு, பழையதை ஒப்படைத்ததாக உமாதேவி ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

பழசு ஒன்றும் பறக்கிற ரதம் இல்லை. அது திறப்பதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்து முடித்துவிடலாம். ஆனால் அதில்தான் உமாதேவி தன் கையால் போட்ட அட்டவணை இருந்தது. பூச்சி மருந்தடிக்கும் கங்காணி காளியண்ணன் தினமும் ஆபீஸ் சன்னலில் தலையை நீட்டி, எந்த நம்பர் மலையில் அடித்தார் என்று சொல்வார். அவள் தட்டியதும் அந்த மலை அட்டவணையில் ஏழு நாளைக்குச் சிவப்பாகிவிடும். சிவப்பு மலைக்குக் கொழுந்து பறிக்க ஆள் போகக்கூடாது. அட்டவணை இல்லாத காலத்தில் காளியண்ணன் சொன்னதை ஒரு தடவை மறந்து தொலைத்தாள். கொழுந்து பறிக்கப் போன யுவனேஸ்வரி கூடையோடு சுருண்டு விழுந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த நாலு நாளும் உமாதேவிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டுக்கு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்க, எல்லாரும் வாசலில் கூடியிருந்தபோது, புதுக் கம்ப்யூட்டர் ஆள் பட்டியலைத் தானாகவே அடித்துத் தள்ளியது. பதினாலாம் நம்பர் மலைக்குப் பதினாறு பெண்கள். முதல் பெயர் ருக்குமணி, ஆறு மாதக் கர்ப்பிணி. பதினாலில் முந்தின நாள்தான் மருந்தடித்திருந்தார்கள்.

"தம்பி, மருந்தடிச்சத இதுல எங்க போடுறது?" என்று தினேஸ்வரனிடம் கேட்டாள் உமாதேவி.

"அதுக்கு எடம் இல்லக்கா. பட்டியல இங்கேருந்து மாத்தவும் முடியாது, கேஎல் ஆபீஸ்லதான் முடியும். ஒங்க அட்டவண மாதிரி வெளி ஃபைலும் இதுல தெறக்காது, ஸ்டாண்டர்ட் அப்படிலா. அடுத்த வருஷ அப்டேட்ல கேட்டுப் பாக்கலாம்."

"ஏழு நாள் மருந்துக்கு அடுத்த வருஷமா?"

பட்டியலை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். "பதினாலுக்கு யாரும் போகாதீங்க! நேத்துதான் மருந்து!"

பெண்கள் கூடையை இறக்கி வைத்தார்கள். தினேஸ்வரன் போன் போட, மேனேஜர் குணாளன் பத்து நிமிஷத்தில் வந்து இறங்கினார்.

"ஒங்களுக்கு இந்த அதிகாரத்த யாரு கொடுத்தா, உமா?"

"யாரும் கொடுக்கல தொர. நானே எடுத்துக்கிட்டேன்."

வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. ஆனாலும் ருக்குமணி பக்கம் பார்த்தபோது பின்வாங்க மனசு வரவில்லை. ஃபாரத்தைத் திருப்பி, பின்பக்கம் எழுதினாள்: 'பதினாலாம் நம்பர் மலையில் நேற்று மருந்து அடித்தது எனக்குத் தெரியும். தெரிந்தே ஆள் அனுப்புகிறேன்.'

பேனாவையும் சேர்த்து நீட்டினாள். "இந்தப் பக்கம் நீங்க போடுங்க தொர. அந்தப் பக்கம் நான் போடுறேன்."

குணாளன் படித்தார். பதினாறு பெண்களும் அவர் கையையே பார்த்தார்கள். பேனாவை அவர் வாங்கவே இல்லை.

"எல்லாரும் ஒம்பதாம் நம்பர் மலைக்குப் போங்க," என்றார் கடைசியில். பிறகு குரலைத் தாழ்த்தி, "பழைய கம்ப்யூட்டர் எங்கன்னு கேஎல்ல கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"உமாதேவி கொடுக்க மாட்டேன்னுட்டாள்னு சொல்லுங்க. வேணும்னா அதுக்குக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."