முதல் கோல் யாருக்கு?

நெதர் ஹாசல்காட் கிராமத்தில் ஸ்விதின் குடும்பத்தாரின் தலைக்கனம் ஊரறிந்த சங்கதி. ஊர்த் தேவாலயம் புனித ஸ்விதின் பெயரில் இருக்கிறது, இவர்களுடைய குடும்பப் பெயரும் அதுவே. போதாதா? "எங்க ஆளுங்க கட்டின கோயில், அதான் எங்க பேரு" என்று தாத்தா சொன்னார், அப்பா சொன்னார், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பேத்தி மெர்லும் விடாமல் சொன்னாள். கட்டியவர்கள் பெயரைக் கோயிலுக்கு வைப்பார்களா என்று யாரும் கேட்டதில்லை.

இறைச்சிக் கடை கிளைவ் ட்ரப்ஷாதான் கேட்டான். அதுவும் மதுக்கடையில், எல்லார் முன்னாலும்.

"உங்க ஆளு கோயில் கட்டினான்னே வச்சுக்குவோம். கட்டினவனுக்குக் கறி போட்டது யாரு? எங்க ஆளு! அப்போ யாருடி முந்தி வந்தது?"

"உங்க ஆளு போட்ட கறியைத் தின்னவன் கோபுரத்தை நேராக் கட்டியிருப்பானாடா? வயித்தைப் பிடிச்சுக்கிட்டுல்ல ஓடியிருப்பான்!" என்றாள் மெர்ல்.

இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்போதிருந்தே இப்படித்தான். ஆனால் இந்த முறை வாய்ச்சண்டையோடு போகவில்லை, ஏனென்றால் முதல் கோல் காலியாக இருந்தது.

வசந்தம் பிறந்ததும் ஊரார் கூடி ஊர் எல்லையைச் சுற்றி வருவார்கள். ஒவ்வொரு எல்லைக் கல்லையும் கோலால் தட்டுவார்கள். சின்னப் பிள்ளை ஒன்றைத் தூக்கி, கல்லின்மேல் மெல்ல இடித்து உட்காரவைப்பார்கள், எல்லை மனதில் நிற்கட்டும் என்று. முதல் கோலை ஏந்தி முன்னால் நடப்பது ஊரின் மிகப் பழைய குடும்பத்தின் உரிமை. அந்த உரிமையை வைத்திருந்த கடைசி மனிதர் குளிர்காலத்தில் வாரிசில்லாமல் இறந்துபோனார். "பதிவேட்டில் யார் பெயர் முந்தி இருக்கிறதோ அவர்களுக்கே கோல்" என்று பாதிரியம்மா ஃபிலிப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் கோயில் பதிவேட்டில் ஏறிவிடும். பொய் சொல்ல இடமில்லை.

மெர்ல் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். பழைய கையெழுத்தைப் படிக்க ஏற்கெனவே மாலை வகுப்பில் கற்றிருந்தாள். அப்பாவிலிருந்து தொடங்கித் தாத்தா, அவருக்கு அப்பா என்று ஒவ்வொரு ஸ்விதினாகப் பின்னோக்கி நடந்தாள். ஒவ்வொருவரைக் காணும்போதும் நெஞ்சு நிமிர்ந்தது. இன்னும் கொஞ்சம் போனால் கோயில் கட்டியவனே கையைக் குலுக்குவான் என்று தோன்றியது.

பிறகு அந்த வரி வந்தது. "ஜான், ஸ்விதின் என அழைக்கப்படுவான். கோயில் வாசலில் கிடந்த குழந்தை. தாய் தகப்பன் தெரியாது." அதற்கு முந்தைய பக்கங்களில் ஸ்விதின் என்று ஒருவரும் இல்லை.

மெர்லுக்குக் காது சுட்டது. கண்டெடுத்த குழந்தைக்குக் கோயிலின் பெயரை வைப்பது அந்தக் கால வழக்கம் என்று வகுப்பில் அவளே குறிப்பெடுத்திருக்கிறாள். தன் வீட்டுக்கும் அது பொருந்தும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. கோயில் கட்டிய குடும்பமாம்! வாசலில் யாரோ போட்டுவிட்டுப் போன குடும்பம். கிளைவுக்குத் தெரிந்தால் சாகும்வரை விடமாட்டான்.

உடனே அவள் ஒரு காரியம் செய்தாள். அடக்கப் பதிவுகளைத் திறந்தாள். இப்படிக் கிடைத்த குழந்தைகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இதுவும் செத்திருந்தால், தன் குடும்பம் வேறொரு ஸ்விதினின் வழியாக இருக்கலாமே. விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினாள். பாதிப் பக்கத்தில் விரல் நின்றது. ஒரு பச்சைக் குழந்தையின் சாவைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. ஆனாலும் கடைசிவரை பார்த்தாள், இப்போது அவன் அங்கே இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு.

அவன் அங்கே இல்லை. பதிவேட்டின் கடைசித் தாளில், பாதிரிமார் தங்களுக்குத் தோன்றியதைக் கிறுக்கிவைக்கும் இடத்தில் இருந்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கூடத்தில் தேநீரோடு கூடினார்கள். கிளைவ் தன் தாளை நீட்டினான். முதலாம் எலிசபெத் ராணி காலத்திலேயே ஒரு ட்ரப்ஷாவை இங்கே புதைத்திருக்கிறார்கள். கூடம் கைதட்டியது.

"எங்கடி உன் கொத்தனாரு?" என்றான் கிளைவ்.

மெர்ல் எழுந்தாள். "கொத்தனாரு இல்ல. வாசல்ல கிடந்த குழந்தை. அப்பன் ஆத்தா யாருன்னு தெரியாது" என்றாள். கிளைவ்கூடச் சிரிக்கவில்லை. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நகலெடுத்து வந்ததை உரக்கப் படித்தாள்:

"இன்று எல்லை சுற்றப் புறப்படுகையில் வாசலில் இந்தக் குழந்தையைக் கண்டோம். எந்த ஊரில் கிடக்கிறதோ அந்த ஊரே வளர்க்க வேண்டும் என்பதால், எல்லைக்கு அப்பால் வைத்துவிடலாம் என்றார்கள் சிலர். நான் இணங்கவில்லை. கோலுக்கு முன்னால் குழந்தையை ஏந்தி நடந்தேன். ஒவ்வொரு கல்லின்மேலும் அதை இருத்தினேன். வழியில் பசித்து அழுதபோது இறைச்சிக்காரர் ட்ரப்ஷாவின் மனைவி பால் கொடுத்தாள். இவன் இந்த ஊரான் அல்லன் என்று இனி யாரும் சொல்லாதிருக்க இதை எழுதிவைக்கிறேன்."



"அட, எங்க வீட்டுப் பாலா!" என்றான் கிளைவ். "அதான் உங்களுக்கு இவ்வளவு திமிரு!"

கூடம் வெடித்துச் சிரித்தது. மெர்லும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"கோல் உனக்குத்தான்டா, நியாயமா ஜெயிச்சுட்ட. ஆனா கோலுக்கு முன்னாடி எங்க வீட்டு ஆளு ஒண்ணு போகணும். எழுதியிருக்குல்ல."

"போகட்டுமே. நான் என்ன வேணாம்னா சொன்னேன்?"

அந்த ஆண்டு எல்லை சுற்றலில் மெர்ல் முன்னால் நடந்தாள், மகன் வீட்டுக் குழந்தை எஸ்மியை இடுப்பில் வைத்துக்கொண்டு. கோயில் கட்டியதாகப் பீற்றிய நாட்களில்கூட அவள் இப்படித் தலை நிமிர்ந்து நடந்ததில்லை. ஊரே ஏந்திக்கொண்ட பிள்ளையின் வம்சம் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று அன்று அவளுக்குத் தெரிந்தது. பின்னால் கோலோடு கிளைவ், அவனுக்குப் பின்னால் ஊர்.

கடைசிக் கல் பக்கத்து ஊரின் வேலியோரத்தில் இருக்கிறது. அங்கே நாயோடு நின்றிருந்த ஒரு பெரியவர் வேடிக்கை பார்த்தார்.

"ஊர்வலத்துக்கே முன்னாடி வருதே, யாரு வீட்டுக் குழந்தைம்மா இது?" என்று கேட்டார்.

மெர்ல் வாயைத் திறப்பதற்குள் கிளைவ் முந்திக்கொண்டான்.

"எங்க ஊர்க் குழந்தைதாங்க" என்று சொல்லி, கோலால் கல்லை ஓங்கித் தட்டினான்.